கிராமத்துத் தன்னார்வத் தீயணைப்புக் குழு: தொடங்குவது முதல் நிலைத்து நடத்துவது வரை

மெத்தையிலோ சோபாவிலோ பிடித்த தீ ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுவதையும் பற்றவைத்துவிடலாம். நுரைப்பஞ்சும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய அறைகளில் அது அவ்வளவு வேகம். நகரத்து நிலையத்திலிருந்து வண்டி வர அரை மணி நேரம் ஆகும் ஊரில், அந்த வண்டி வந்து சேரும்போது பெரும்பாலும் பக்கத்து வீட்டைத்தான் காப்பாற்ற முடியும். நடுவில் இருக்கும் அந்த நேரத்துக்காகத்தான் உள்ளூர்க்காரர்களே குழுவாகச் சேர்கிறார்கள்.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1736-ல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் யூனியன் தீயணைப்புக் குழுவைத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் தோல் வாளிகளையும், சாமான்களை அள்ளி வெளியே கொண்டுவரப் பைகளையும் வீட்டிலேயே தயாராக வைத்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். சிலி நாட்டில் 1851-ல் வால்பராய்சோ நகரில் தொடங்கிய மரபு இன்றும் தொடர்கிறது. அங்கே தீயணைப்பு வீரர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஜெர்மனியில் சுமார் 10 லட்சம் பேர் இப்படித் தொண்டு செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிராமப்புறக் காட்டுத்தீயை எதிர்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் விவசாயிகள், கடைக்காரர்கள், ஆசிரியர்கள்.

குழு தொடங்க நினைக்கும் எல்லோருக்கும் முதலில் வண்டி வாங்கத்தான் ஆசை வரும். என் கருத்தில் அது நான்காவது வேலை. ஆள், அழைப்பு, தண்ணீர் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் இழுவை வண்டியில் கட்டிய ஒரு பம்ப்பை வைத்தே ஊரைக் காக்கலாம். இவை சரியில்லாத ஊரில் எவ்வளவு நல்ல வண்டியும் ஷெட்டில்தான் நிற்கும்.

1. எதைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம்

முதல் வேலை, உங்கள் பகுதிக்குப் பொறுப்பான அரசுத் தீயணைப்புத் துறையைப் போய்ப் பார்ப்பது. தன்னார்வக் குழுவுக்குச் சட்டத்தில் என்ன இடம், யாரிடம் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி யார் தருவார்கள், சம்பவ இடத்தில் அவர்கள் வந்ததும் பொறுப்பு எப்படிக் கைமாறும் என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உறுப்பினருக்குக் காயம் பட்டால் யார் செலவு செய்வது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் ஒருவரையும் தீ அருகே அனுப்பாதீர்கள். விபத்துக் காப்பீடு இல்லாத குழு, தொண்டு செய்ய வந்தவரின் குடும்பத்தைப் பணயம் வைக்கிறது.

அப்புறம், குழுவின் எல்லையை எழுதுங்கள். புதுக் குழுவுக்கு நான் சொல்வது இதுதான்: புல், வயல், குப்பைத் தீயை அணைப்பது, எரியும் கட்டடத்தை வெளியிலிருந்து கட்டுப்படுத்துவது, பக்கத்து வீடுகளைக் காப்பது, ஆட்களை அப்புறப்படுத்துவது, முதலுதவி. மூச்சுக் கருவியும் அதற்கான முறையான பயிற்சியும் வரும்வரை புகை சூழ்ந்த கட்டடத்துக்குள் யாரும் போகக் கூடாது. ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போகலாம் என்ற நம்பிக்கை ஆளைக் கொல்லும். கார்பன் மோனாக்சைடு ஈரத்துணி வழியாகத் தடையில்லாமல் உள்ளே போகும்.

2. ஆட்கள்

தலையை எண்ணுவதற்கு முன் நேரத்தை எண்ணுங்கள். பதிவேட்டில் முப்பது பேர் இருக்கலாம். வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு ஊரில் இருப்பவர் எத்தனை பேர்? பலர் வெளியூர் வேலைக்குப் போகும் ஊர்களில் பகல் நேரம்தான் பெரிய ஓட்டை. அமெரிக்காவில் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ) தன்னார்வக் குழுக்களுக்கென வகுத்த 1720 என்ற தரம், மக்கள்தொகை குறைந்த கிராமப் பகுதியில் 14 நிமிடத்துக்குள் 6 பேர் சம்பவ இடத்தில் இருக்க வேண்டும், பத்தில் எட்டு முறையாவது அது நடக்க வேண்டும் என்கிறது. உங்கள் குழுவை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஒரு தாளில் ஏழு நாளும் இருபத்துநாலு மணி நேரமும் கட்டம் போட்டு, யார் எப்போது ஊரில் இருப்பார் என்று நிரப்பினால் ஓட்டை எங்கே என்பது தெரிந்துவிடும். பகலில் ஊரில் இருக்கும் பெண்கள், உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள், பள்ளி ஊழியர்கள் ஆகியோரைத் தேடிப் போய்ச் சேர்க்க வேண்டும். ஊருக்குள் வேலை கொடுக்கும் முதலாளிகளிடம், அழைப்பு வந்தால் ஆளை விடுவதாக முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள்.

எல்லோரும் ஹோஸ் பிடிக்க வேண்டியதில்லை. பம்ப் இயக்குபவர், தண்ணீர் வண்டி ஓட்டுபவர், வயர்லெஸ் கேட்டுக் குறிப்பு எழுதுபவர், சாலையில் போக்குவரத்தை நிறுத்துபவர், கணக்கு எழுதுபவர் என்று எல்லோரும் குழுவுக்கு வேண்டும். அறுபது வயதில் மூட்டு வலி உள்ள ஒரு பழைய மெக்கானிக் பம்ப் பக்கத்தில் நின்றால் இளைஞர்கள் நால்வர் நிம்மதியாக முன்னே போகலாம்.

மருத்துவப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு அருகில் உள்ளவர்கள் திடீர் மாரடைப்பில் இறக்கிறார்கள். தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி, கனத்த உடையோடு வெப்பத்தில் வேலை செய்வது இதயத்துக்குப் பெரும் சுமை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் குழுவில் வேறு வேலை கொடுங்கள். மனம் நோகுமே என்று விட்டுவிடுவது அன்பு ஆகாது.

3. அழைப்பு

தீயைப் பார்த்தவர் முதலில் அழைக்க வேண்டியது அரசு அவசர எண். உங்கள் குழுவுக்கான அழைப்பு அதோடு சேர்ந்து போக வேண்டும். "நம்ம ஆளுங்க போயிட்டாங்க, பார்த்துக்குவாங்க" என்று பெரிய வண்டியை அழைக்காமல் விடும் பழக்கம் வந்துவிட்டால் குழு இருப்பதே ஆபத்தாகிவிடும்.

கைப்பேசிக் குழுச் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். இரவில் கைப்பேசி சத்தமில்லாமல் கிடக்கும். கோபுரத்துக்கு மின்சாரம் போனால் செய்தியே வராது. சைரன், அலறும் வகையில் அமைத்த தொலைபேசி எண், ஒருவர் மூவரை அழைக்கும் சங்கிலி ஆகியவற்றில் குறைந்தது இரண்டு எப்போதும் வேலை செய்யும் நிலையில் இருக்கட்டும். அழைப்பை எடுப்பவர் கேட்க வேண்டியவை: எங்கே, என்ன எரிகிறது, உள்ளே ஆள் உண்டா, எந்த வழியாக வண்டி வரலாம். கேட்டதை ஒரு முறை திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும்.

சொந்த வண்டியில் நிலையத்துக்கு விரையும்போது நடக்கும் விபத்துகள் தன்னார்வலர்களின் சாவுக்கு ஒரு முக்கியக் காரணம். சாலை விதி உங்களுக்கும் உண்டு. சீட் பெல்ட் போடாதவரோடு வண்டி கிளம்பக் கூடாது.

4. தண்ணீர்

கிராமத்துத் தீயணைப்பின் உயிர் இங்கேதான். நகரத்தில் தெருமுனையில் குழாய் இருக்கும். உங்களுக்குக் குளம், கிணறு, வாய்க்கால், மேல்நிலைத் தொட்டி, யாரோ ஒருவரின் பண்ணைக் குட்டை.

முதலில் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 400 லிட்டர் பாய்ச்சும் ஒரே ஒரு ஹோஸ், 3,000 லிட்டர் தொட்டியை ஏழரை நிமிடத்தில் காலி செய்துவிடும். அதற்குப் பிறகும் தண்ணீர் வர வேண்டும் என்றால் ஓட்டம் ஏற்பாடு செய்ய வேண்டும். 4,000 லிட்டர் கொள்ளும் இரண்டு வண்டிகள், நிரப்பி வந்து கொட்டிவிட்டுத் திரும்ப ஒரு சுற்றுக்கு 20 நிமிடம் எடுத்தால், சராசரியாக நிமிடத்துக்கு 400 லிட்டர் கிடைக்கும். அதாவது ஒரு ஹோஸ் நிற்காமல் ஓடும். இரண்டாவது ஹோஸ் திறந்தால் பற்றாக்குறை. ஆகவே சம்பவ இடத்தில் மடக்கித் திறக்கும் ஒரு தார்ப்பாய்த் தொட்டியை வைத்து, வரும் வண்டி அதில் கொட்டிவிட்டு உடனே திரும்ப வேண்டும். வண்டியை ஹோஸோடு இணைத்துக் காலியாகும்வரை நிறுத்திவைத்தால் சுற்று உடைந்துவிடும்.

அடுத்தது வரைபடம். ஒவ்வொரு நீர்நிலைக்கும் நேரில் போங்கள். தண்ணீர் எவ்வளவு, வறட்சிக் காலத்தில் எவ்வளவு மிஞ்சும், வண்டி எவ்வளவு கிட்டே போகலாம், கரை மண் பாரத்தைத் தாங்குமா, கேட்டின் சாவி யாரிடம் என்று குறியுங்கள். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. 4,000 லிட்டர் வண்டியில் தண்ணீர் மட்டுமே நாலு டன். அது ஏறக் கூடாத பாலத்தை முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் தண்ணீரை மேலே இழுக்கும் உயரத்துக்கு இயற்கையே வரம்பு போட்டிருக்கிறது. காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது என்பதால் கணக்குப்படி சுமார் 10 மீட்டர். நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. ஆழக் கிணற்று ஓரத்தில் பம்ப்பை வைத்துக்கொண்டு போராடிப் பயனில்லை. உறிஞ்சு குழாயில் ஊசி முனை அளவு காற்று புகுந்தாலும் இழுவை விட்டுப்போகும், அதனால் இணைப்பு வளையங்களை மாதந்தோறும் பாருங்கள். குழாய் முனையில் சல்லடை கட்டுங்கள். அது சேற்றிலும் புதையக் கூடாது, மேலே வந்து காற்றையும் இழுக்கக் கூடாது. ஹோஸில் பாய்ச்சலை இரட்டித்தால் உராய்வில் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ நாலு மடங்காகும். தூரம் அதிகம் என்றால் அகலமான ஹோஸ் வேண்டும்.

அரைகுறையாக நிரம்பிய தொட்டி வண்டியைத் திருப்பத்தில் வேகமாக ஓட்டாதீர்கள். உள்ளே தண்ணீர் ஒரு பக்கம் மோதி வண்டியையே சாய்த்துவிடும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கின்றனவா என்று வாங்கும்முன் பாருங்கள்.

5. கருவிகள்

வாங்கும் வரிசையை இப்படி வையுங்கள்: உடல் காப்பு, தொடர்பு, பம்ப்பும் ஹோஸும், கைக்கருவிகள், கடைசியில் வண்டி. புல் தீக்கு முழுக்கை பருத்தி அல்லது தீத்தாங்கும் துணி, தோல் பூட்ஸ், தோல் கையுறை, ஹெல்மெட், கண்ணாடி ஆகியவை போதும். செயற்கை இழைத் துணி உருகித் தோலோடு ஒட்டும். அதை உடுத்தி வந்தவரைத் திருப்பி அனுப்புங்கள். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பம்ப், மண்வெட்டி, தீ அடிக்கும் தட்டி, கிளை வெட்டும் வாள் எல்லாம் சேர்ந்தால் பாதித் தீயை வண்டியே இல்லாமல் முடித்துவிடலாம். நன்கொடையாக வரும் பழைய மூச்சுக் கருவியையும் ஹோஸையும் தகுந்தவரிடம் சோதனை செய்யாமல் பயன்படுத்தாதீர்கள்.

6. பயிற்சி

வாரம் ஒரு மாலை, நாள் மாறாமல். ஒவ்வொரு முறையும் ஒரே விஷயம். ஒரு வாரம் குளத்திலிருந்து தண்ணீர் இழுத்து முதல் பாய்ச்சல் வரை கடிகாரம் வைத்துப் பாருங்கள். மறு வாரம் அதையே இருட்டில். அடுத்த வாரம் பம்ப் இயக்குபவர் வரவில்லை என்று வைத்துக்கொண்டு வேறொருவர் செய்யட்டும். இப்படித்தான் குழுவில் ஒருவரையே நம்பியிருக்கும் வேலைகள் வெளியே தெரியும். ஹோஸ் முனையில் உள்ள நாசிலை மெதுவாகத் திறந்து மெதுவாக மூடப் பழக்குங்கள். சட்டென்று மூடினால் தண்ணீர் திரும்ப அடித்து ஹோஸையும் பம்ப்பையும் கெடுக்கும்.

முதலுதவிக்கும் சரிபாதி நேரம் கொடுங்கள். பல ஊர்களில் குழுவுக்கு வரும் அழைப்புகளில் தீயைவிட விபத்தும் நோயும் அதிகம்.

7. சம்பவ இடத்தில்

ஒருவர் பொறுப்பாளர். அவர் ஹோஸ் தொடக் கூடாது, வெளியே நின்று முழுவதையும் பார்க்க வேண்டும். முதலில் வந்தவர், தன்னைவிட அனுபவமுள்ளவர் வரும்வரை, பொறுப்பாளர். யார் எங்கே இருக்கிறார் என்று பெயர் எழுதிய பட்டைகளைப் பலகையில் மாட்டிவையுங்கள்.

வீடு எரிந்தால், ஒரு சுற்று நடந்து நான்கு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தியாயிற்றா? கேஸ் சிலிண்டர் எங்கே? எத்தனை பேர் வசிக்கிறார்கள், எல்லோரும் வெளியே இருக்கிறார்களா? மூடியிருக்கும் அறைக் கதவைக் காரணமில்லாமல் திறக்காதீர்கள். மூடிய கதவு தீக்குக் காற்றைக் கொடுக்காமல் நேரம் வாங்கித் தரும். தண்ணீர் குறைவாக இருந்தால் எரிந்து முடிந்துகொண்டிருக்கும் கொட்டகையை விட்டுவிட்டு, இன்னும் பற்றாத பக்கத்து வீட்டின் சுவரையும் கூரையையும் நனையுங்கள். வீட்டுக்காரருக்கு இது கொடுமையாகத் தெரியும். அவரோடு ஒருவர் நின்று விளக்கிச் சொல்ல வேண்டும்.

கேஸ் சிலிண்டரின் வாயில் எரியும் தீயை, வால்வை மூட வழியில்லாமல் அணைக்காதீர்கள். அணைந்தபின் கசியும் வாயு தரையோடு பரவி வேறெங்கோ பற்றும். தூரத்திலிருந்து சிலிண்டரைக் குளிர்வியுங்கள். வேறு தீ அதன் உடலைச் சுடுகிறது, குளிர்விக்கத் தண்ணீர் இல்லை என்றால் எல்லோரையும் விலக்கிக்கொண்டு நீங்களும் விலகுங்கள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். எரியும் எண்ணெய் அதோடு சேர்ந்து தெறிக்கும்.

வயலும் காடும் எரியும்போது காற்றைப் பாருங்கள். தீயின் நெற்றிக்கு, அதாவது அது முன்னேறும் முனைக்கு, எதிரே நிற்காமல், எரிந்து முடிந்த கரும்பகுதியில் கால் வைத்து, பின்புறத்திலிருந்து விலா எனப்படும் பக்கவாட்டு ஓரம் வழியாக முன்னேறுங்கள். சரிவில் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம், சரிவின் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும். மேட்டில் தீக்கு மேலே நிற்பதுதான் மிக மோசமான இடம். காற்று திரும்பினால் இதுவரை அமைதியாக இருந்த நீண்ட விலா முழுவதும் புது நெற்றியாகிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லிண்டன் அருகே 1998 டிசம்பர் 2 அன்று நடந்தது அதுதான். தண்ணீர் நிரப்பப் போய்க்கொண்டிருந்த வண்டியைக் காற்று மாற்றம் தீக்குள் சிக்கவைத்தது. ஐந்து தன்னார்வலர்கள் இறந்தார்கள். அதன்பின் அங்கே வண்டித் தொட்டியில் குழுவின் உயிருக்கென்று ஒரு பங்கு தண்ணீரை எப்போதும் மிச்சம் வைப்பது கட்டாயமானது. உங்கள் வண்டியிலும் அந்தக் கோட்டை வரையுங்கள். அதற்குக் கீழே உள்ள தண்ணீர் தீக்கு இல்லை, உங்களுக்கு.

1991-ல் அமெரிக்கக் காட்டுத்தீ வீரர் பால் கிளீசன் நான்கு விஷயங்களைச் சேர்த்து ஒரு முறையாக வகுத்தார்: காவல் பார்க்க ஒருவர், தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம். நான்கும் உறுதியாகும்வரை வேலை தொடங்கக் கூடாது. தப்பும் வழி ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

கிராமத்தில் மட்டும் வரும் இன்னொரு அழைப்பு: கிணறு, சாணக்குழி, கழிவுநீர்த் தொட்டி, தானியக் குதிர். உள்ளே ஒருவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்கிய அண்ணனோ தம்பியோ அடுத்து விழுவார். நச்சு வாயுவும் ஆக்சிஜன் குறைவும் கண்ணுக்குத் தெரியாது. மூச்சுக் கருவியும், இடுப்பில் கயிறும், மேலே இழுக்க ஆளும் இல்லாமல் யாரையும் இறங்க விடாதீர்கள், அழுதாலும் திட்டினாலும். இதைச் சம்பவ இடத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. முன்பே ஊர்க்கூட்டத்தில் சொல்லிவைக்க வேண்டும்.

8. அணைந்த பிறகு

புகைந்துகொண்டிருக்கும் கட்டைகளைப் பிரித்து, கையின் பின்புறத்தை அருகே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். திரும்பவும் சில மணி நேரம் கழித்து ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும்.

தீயணைப்புப் பணியில் உடல் சந்திக்கும் நச்சுகளைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் 2022-ல் சேர்த்தது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. கரி படிந்த உடை வீரத்தின் அடையாளம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சம்பவ இடத்திலேயே உடையைத் தண்ணீரால் அலசி, பையில் கட்டி, வண்டியின் பின்னால் வையுங்கள். வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது. அன்றே குளிக்க வேண்டும்.

மனசும் கரி படியும். நகரத்து வீரர் காப்பாற்ற முடியாமல் போனவர் அவருக்கு அந்நியர். உங்களுக்கு அவர் பள்ளித் தோழனாகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருப்பார். அன்றைக்கே எல்லோரும் ஓரிடத்தில் உட்காருங்கள். யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஆனால் யாரும் தனியாக வீட்டுக்குப் போக வேண்டாம். தூக்கம் வராதவர், எரிச்சல் கூடியவர், பயிற்சிக்கு வருவதை நிறுத்தியவர் ஆகியோரை ஒரு வாரம் கழித்து ஒருவர் போய்ப் பார்க்கட்டும். தேவையென்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகட்டும். நடந்த தவறுகளை அலசும் கூட்டத்தை இதோடு கலக்காமல் சில நாள் தள்ளி வையுங்கள்.

9. ஊரோடு

கணக்கு திறந்திருக்கட்டும். வங்கிக் கணக்குக்கு இரண்டு பேர் கையெழுத்து, ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது, வருடாந்திர வரவுசெலவு ஊர்ப் பலகையில். பணத்தில் சந்தேகம் வந்த குழுவை ஊர் மறுபடி நம்புவது அரிது. கட்சி, சாதி, குடும்பப் பகை எதுவும் நிலைய வாசலைத் தாண்டக் கூடாது. எரிகிற வீடு யாருடையது என்று பார்த்து மெதுவாக நடக்கும் குழு, குழுவே இல்லை.

தீ இல்லாத நாட்களில் வீடு வீடாகப் போங்கள். புகை எச்சரிக்கைக் கருவி மாட்டிக்கொடுப்பது, இரவில் படுக்கையறைக் கதவை மூடச் சொல்வது, வீட்டைச் சுற்றிய சருகை அகற்றுவது, இருட்டிலும் தெரியும்படி வீட்டு எண் எழுதவைப்பது எல்லாம் தீயணைப்பு வேலைதான். நன்றாகக் காயாமல் அடுக்கிய வைக்கோலும் தீவனப்புல்லும் தாமாகவே சூடேறிப் பற்றும். நீண்ட வெப்பமானியைப் போருக்குள் செருகிப் பாருங்கள்: 65 டிகிரி செல்சியஸ் வந்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், 80-ஐத் தொட்டால் உள்ளே தீ பிடிக்கும் தறுவாயில் இருக்கிறது. அப்போது ஹோஸ் தயாராக இல்லாமல் போரைக் கலைக்காதீர்கள், காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றும். மேலே ஏறியும் நடக்காதீர்கள், உள்ளே குழி விழுந்திருக்கலாம்.

உறுப்பினர்களின் குடும்பங்களை வருடத்தில் சில முறையாவது நிலையத்துக்கு அழைத்துக் காட்டுங்கள். நள்ளிரவில் எழுந்து ஓடுபவரை அனுப்பிவைப்பவர்கள் அவர்கள்தான்.

ஜெர்மனியில் இளைஞர் தீயணைப்புப் படை என்று தனியாகவே உண்டு. பெரியவர்களின் குழுவுக்கு அடுத்த தலைமுறை அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் ஊரிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹோஸ் உருட்டவும், முடிச்சுப் போடவும், முதலுதவி செய்யவும் கற்றுக்கொடுங்கள். தீ அருகே மட்டும் அனுப்பாதீர்கள். பொறுப்பாளர் பதவிக்குக் காலவரம்பு வையுங்கள். தண்ணீர் வரைபடம், சாவிப் பட்டியல், கருவிச் சோதனைப் பதிவேடு, வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் பதவி மாறும் நாளில் ஊரார் முன்னிலையில் புதியவர் கையில் கொடுத்து, அன்று மாலையே அவர் பொறுப்பில் ஒரு பயிற்சி நடத்துங்கள்.